பாகுக்கும் ஒரு படிக்கல் வேண்டும்

சென்னைக்கு மேற்கே, மாங்காட்டிலிருந்து குன்றத்தூர் போகும் வழியில், தகரக் கூரை போட்ட ஒரு சிறு பெயின்ட் பட்டறை. வண்டி உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க்கில் வண்ணம் அடித்துக் கொடுக்கிறார்கள். கோடையில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அங்கே நின்றிருந்தேன். பையன் ஒருவன், பெயின்ட்டின் கெட்டித்தன்மையை அளக்கும் பி-4 கப்பின் அடித்துளையை விரலால் அடைத்துக்கொண்டு பெயின்ட்டை விளிம்புவரை ஊற்றினான். விரலை எடுத்ததும் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினான். தாரை அறுந்து சொட்டாகிற கணத்தில் நிறுத்தினான்.

“எத்தனைடா?”

“இருபத்தாறுண்ணே.”

“தின்னர் கொஞ்சம் விடு. இருபத்திரண்டுக்குக் கொண்டா.”

மதியம் இரண்டு மணிக்கு அதே லாட்டில் வந்த இன்னொரு டின்னைத் திறந்தார்கள். தின்னர் ஒரு சொட்டும் விடாமலே இருபத்திரண்டு காட்டியது. “இந்த டின் நல்லா வந்திருக்கு” என்று முதலாளி சந்தோஷப்பட்டார். இரண்டு டின்னுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. நான் கொண்டுபோயிருந்த தெர்மாமீட்டரில் காலையில் பெயின்ட்டின் சூடு 28 டிகிரி, மதியம் 37. வெயில் செய்த வேலையைத் தின்னர் செய்ததாகக் கணக்கு ஏறிவிட்டது. காலையில் அடித்த உருப்படிகளில் பெயின்ட் நீர்த்துப்போய்ப் படலம் மெலிந்தது. மதியம் அடித்தவற்றில் தடித்தது. சில நாளில் ஒரு லாட் திரும்பி வந்தது. சுரண்டி, தேய்த்து, மறுபடி அடித்தார்கள். பெயின்ட் காசும் கூலியும் அவர்கள் தலையில்தான் விழுந்தன.

பையன் மீது குற்றமே இல்லை. அவன் வினாடியைச் சரியாகத்தான் எண்ணினான். இத்தனை டிகிரியில் இத்தனை வினாடி என்பதுதான் அளவு. அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது அதில் பாதி மட்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருமுடிவாக்கம் என்று இந்த மேற்குப் பக்கம் முழுக்கப் பட்டறைகளால் ஆன ஊர். இங்கே பெயின்ட், ஹைட்ராலிக் எண்ணெய், கட்டிங் ஆயில், பசை, மை என்று திரவத்தின் கெட்டித்தன்மையை நம்பிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு அந்த அளவின் மறுபாதியைக் கொண்டுசேர்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

திரவத்தின் கெட்டித்தன்மையைப் பாடநூல் பாகுநிலை என்கிறது. அந்தச் சொல்லுக்குள்ளேயே அடுப்படி இருக்கிறது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். கொதிக்கிற பாகைக் கரண்டியில் தூக்கிப் பார்த்து அவர் முடிவு செய்வதில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, அதில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் உருட்டிப் பார்க்கிறார். கரைந்து ஓடினால் இன்னும் பதம் வரவில்லை, உருண்டால் இறக்கிவிடலாம். நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கிற பாகைத் தண்ணீரின் சூட்டுக்குக் கொண்டுவந்து, அங்கே வைத்துத்தான் ஒவ்வொரு முறையும் சோதிக்கிறார். ஆய்வுக்கூடத்தில் இதற்கு நிலைவெப்பத் தொட்டி என்று பெயர். அம்மாவிடம் அது ஒரு கிண்ணம். பி-4 கப் வைத்திருக்கும் பட்டறையில் அந்தக் கிண்ணம் இல்லை.

சூடு எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதற்கு இரண்டு கணக்குகள் போதும். தண்ணீரின் பாகுநிலை 20 டிகிரியில் ஏறக்குறைய 1 சென்டிபாய்ஸ். 35 டிகிரியில் 0.72. கால் பங்குக்கு மேல் காணாமல் போகிறது. விளக்கெண்ணெய் இன்னும் மோசம்: 20 டிகிரியில் சுமார் 986, 30 டிகிரியில் 451. பத்து டிகிரியில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பதினோராம் வகுப்பில் உயரமான கண்ணாடிச் சாடியில் பிசுபிசுப்பான எண்ணெயை நிரப்பி, இரும்புக் குண்டைப் போட்டு, அது இறங்கும் நேரத்தைக் குறிக்கிற ஸ்டோக்ஸ் சோதனையைச் செய்தவர்கள் நினைத்துப் பாருங்கள். ரெக்கார்டு நோட்டில் குண்டின் ஆரம், தூரம், நேரம் எல்லாம் எழுதினோம். எண்ணெயின் சூட்டை எழுதினோமா? டிசம்பரில் செய்த மாணவனுக்கும் ஏப்ரலில் செய்தவனுக்கும் ஒரே விடை வந்திருந்தால், ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

திரவ ஓட்டத்தை ஒழுங்காக அளக்கத் தொடங்கியவர்களில் ஒருவர் மருத்துவர். பிரான்சின் பொய்சாய் ரத்தம் மெல்லிய நாளங்களில் எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பினார். ரத்தம் உறைந்துவிடும் என்பதால் மயிரிழைபோன்ற கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு 1840-களில் தம் விதியை வெளியிட்டார். ஜெர்மானியப் பொறியாளர் ஹேகன் 1839-இலேயே தனியாக அதே இடத்துக்கு வந்திருந்தார். ஓட்டம் குழாய் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்பதுதான் அந்த விதியின் உயிர். 4 மில்லிமீட்டர் குழாய் 4.1 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் ஓட்டம் பத்து சதவீதம் கூடிவிடும். நம் பி-4 கப்பின் துளை நீண்ட குழாய் இல்லை என்பதால் அங்கே கணக்கு அவ்வளவு கடுமையாக இராது. ஆனாலும் காய்ந்த பெயின்ட்டைக் கம்பி விட்டுக் குடைந்து எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் துளை கொஞ்சம் அகலமாகிறது. கப் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். பொய் சொல்லத் தொடங்கியிருக்கும்.

கப் பொய் சொல்கிறதா என்று எதை வைத்துச் சோதிப்பது? அதற்குத்தான் தர எண்ணெய். இன்ன டிகிரியில் இன்ன பாகுநிலை என்று சான்றிதழோடு சிறு புட்டியில் வருகிறது. அதைக் கப்பில் ஊற்றி, வர வேண்டிய நேரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். புட்டியின் சான்றிதழில் உள்ள எண்ணை யார் நிர்ணயித்தார்கள் என்று பின்னோக்கிப் போனால், கடைசியில் தண்ணீரில் போய் நிற்போம்.

உலகத்துக்கே பாகுநிலையின் படிக்கல் 20 டிகிரியில் உள்ள தூய தண்ணீர்தான். அமெரிக்காவின் நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் நிறுவனத்தில் ஸ்விண்டெல்ஸ், கோ, காட்ஃப்ரே மூவரும் அந்த ஒரு எண்ணுக்காகச் செய்த வேலை 1930-களில் தொடங்கி, போரால் இடையில் நின்று, 1952-இல் முடிந்து வெளிவந்தது. அதுவரை 1.005 சென்டிபாய்ஸ் என்று கொண்டிருந்ததை 1.002 என்று திருத்தினார்கள். மூன்றாம் தசம இடத்தில் மூன்று குறைவதற்கு அத்தனை ஆண்டுகள். அந்தத் திருத்தத்தால் உலகத்தின் தர எண்ணெய்களுக்கெல்லாம் சான்றிதழ் எண் 0.3 சதவீதம் இறங்கியது. பின்னர் வந்த சர்வதேசத் தர அறிக்கை இதை 1.0016 என்று இன்னும் நுணுக்கி, அதிலும் 0.17 சதவீதம் ஐயம் உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. நல்ல அளவுக்கு அடையாளமே, தனக்கு எவ்வளவு தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான்.

தண்ணீரிலிருந்து கெட்டியான எண்ணெய்க்குப் போவது மாடிப்படி ஏறுவது மாதிரி. நீண்ட நுண்குழாய் மானியைத் தண்ணீரால் சரிபார்க்கிறார்கள். அந்த மானியால் சற்றுக் கெட்டியான எண்ணெயை அளக்கிறார்கள். அந்த எண்ணெயை வைத்துக் கொஞ்சம் அகலமான குழாய் உள்ள அடுத்த மானி. அதை வைத்து அடுத்த எண்ணெய். படிக்குப் படி ஐயம் சற்றுக் கூடும். அதையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். தொட்டியின் சூடு 0.02 டிகிரிக்கு மேல் ஆடக் கூடாது. திரவம் இறங்க 200 வினாடிக்குக் குறையக் கூடாது. புட்டியிலிருந்து எடுத்த எண்ணெயைத் திரும்ப ஊற்றக் கூடாது.

இந்தியாவில் இத்தகைய அளவுகளுக்குத் தலைவாசல் தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 1950 ஜனவரியில் அது திறக்கப்பட்டபோது முதல் இயக்குநர், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலில் உழைத்த கை, நாட்டின் அளவுகோல்களைக் காக்கும் வேலையையும் ஏற்றது. நம் தரநிர்ணயக்காரர்கள் செய்த இன்னொரு நல்ல காரியமும் உண்டு. குளிர்நாடுகள் சோதனைக்கூடத்துக்கு 20 டிகிரி, 23 டிகிரி என்று வைத்துக்கொண்டபோது, வெப்ப நாட்டுக்கு 27 டிகிரி என்று இந்தியத் தரம் வகுத்தது. நம் வெயிலை அறிந்து எழுதிய தரம் அது. ஆனால் மாங்காட்டின் தகரக் கூரைக்குக் கீழே 27 டிகிரி என்பது மார்கழிப் பகலில் வாய்த்தால் உண்டு.

வேலை எந்தச் சூட்டில் நடக்கிறதோ அந்தச் சூட்டில் அளக்க வேண்டும் என்பதை நம் சாலைகளும் தாமதமாகவே கற்றன. முன்பு தாரை ஊசி இறக்கிச் சோதிப்பார்கள். 25 டிகிரியில், 100 கிராம் எடையில், 5 வினாடியில் ஊசி எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து 80/100, 60/70 என்று பெயர். ஆனால் கத்திரி வெயிலில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். 25 டிகிரியில் ஒரே மாதிரி இருந்த இரண்டு தார்கள் அங்கே இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஒன்று தாங்கும், ஒன்று பேருந்துச் சக்கரத்தடியில் பள்ளம் விழும். 2006-இல் ஐ.எஸ். 73 தரம் திருத்தப்பட்டபோது விஜி-10, விஜி-20, விஜி-30, விஜி-40 என்று பாகுநிலை வகைகள் வந்தன. விஜி-30 என்றால் 60 டிகிரியில் குறைந்தது 2,400 பாய்ஸ். தண்ணீரைப்போல் 2.4 லட்சம் மடங்கு. அந்த எண்ணும் படிப்படியாக இறங்கி வந்தால் அதே 20 டிகிரித் தண்ணீரில்தான் கால் ஊன்றி நிற்கிறது.

என்ஜின் ஆயிலை விரலில் தேய்த்து “கெட்டியா இருக்குது சார், நல்ல ஆயில்” என்று சொல்கிற மெக்கானிக்குகள் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெடுகிலும் இருக்கிறார்கள். அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 20டபிள்யூ-40 என்பதில் உள்ள 40, நூறு டிகிரியில் 12.5-க்குக் குறையாமலும் 16.3 சென்டிஸ்டோக்ஸை எட்டாமலும் இருக்க வேண்டும் என்கிற நிபந்தனை. விரல் நூறு டிகிரியைத் தொட முடியாது. கையில் கெட்டியாகத் தெரிகிற மட்டமான எண்ணெய், கொதிக்கும் என்ஜினுக்குள் தண்ணீராய் இளகிப் பிஸ்டனைத் தேய்த்துவிடும்.

இந்த அளவுக்கு நாம் தரும் மரியாதையைத் தராசுக்குத் தரும் மரியாதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாங்காடு கோயில் தெருவில் எலுமிச்சையும் பூவும் விற்பவரின் தராசுக்கும் படிக்கல்லுக்கும் அரசு முத்திரை வேண்டும். குறித்த காலத்தில் ஆய்வாளர் வருவார். முத்திரை இல்லாவிட்டால் அபராதம். பெட்ரோல் பங்கில் ஐந்து லிட்டர் குடுவையை வைத்து அளந்து காட்டச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. எடையும் கொள்ளளவும் மக்களின் விஷயம் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பாகுநிலை மட்டும் பெரிய ஆலைகளின் விஷயமாகவே நின்றுவிட்டது. மணலி சுத்திகரிப்பு ஆலை மாதிரி இடங்களில் ஆய்வுக்கூடம் இருக்கிறது, தர எண்ணெய் இருக்கிறது, ஆள் இருக்கிறது. அந்தப் பெரிய ஆலைகளின் எண்ணெயையும் பெயின்ட்டையும் வாங்கி வேலை செய்கிற பத்துப்பேர் பட்டறையில் ஒரு தெர்மாமீட்டர்கூட இல்லை.

பட்டறைக்காரரின் கப்புக்கும் முத்திரை, இல்லாவிட்டால் அபராதம் என்று சட்டம் கொண்டுவர நான் சொல்லவில்லை. அது இன்னொரு சோதனை அதிகாரியைத்தான் வாசலுக்குக் கொண்டுவரும். தண்டனைக்கு முன்னால் வசதி வேண்டும். கப்பைச் சரிபார்க்க என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற கூடங்கள் இருக்கின்றன. ஆனால் கட்டணமும், கப்பைக் கொடுத்துவிட்டு வேலையில்லாமல் காத்திருக்கும் நாள்களும் சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாவதில்லை. சிட்கோ நடத்தும் அம்பத்தூர், திருமுடிவாக்கம் பேட்டைகளில் பொதுவாக ஒரு சிறு அறை போதும். ஒரு நிலைவெப்பத் தொட்டி, சரிபார்த்த தெர்மாமீட்டர், நாலைந்து நுண்குழாய் மானிகள், தேதி தாண்டாத தர எண்ணெய்ப் புட்டிகள், அளக்கத் தெரிந்த ஒரு ஆள். கப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய், ஒரு மணி நேரத்தில் சரிபார்த்துத் திரும்ப முடிய வேண்டும். அருகிலுள்ள பாலிடெக்னிக் மாணவர்களை அங்கே பயிற்சிக்கு விட்டால், ஸ்டோக்ஸ் சோதனையில் எழுதாமல் விட்ட சூட்டை அவர்களும் எழுதக் கற்பார்கள்.

அரசு அந்த அறையைக் கட்டும்வரை பட்டறைக்காரர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே கப்புக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வையுங்கள். துளையைக் கம்பியால் குடையாமல் தின்னரில் ஊறவைத்து, துணியால் துடையுங்கள். நோட்டில் வினாடிக்கு எதிரே டிகிரியையும் எழுதச் சொல்லுங்கள். பெயின்ட் டப்பா 30 டிகிரி என்று கேட்டால், டின்னைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து 30-க்குக் கொண்டுவந்துவிட்டு விரலை எடுங்கள்.