உங்களுக்கு எவ்வளவு தெரியும்?



சுவிசிலும் நோர்வேயிலும் இருக்கும் நமது உறவுப் பெண்கள் பனிச்சறுக்குப் பழகுவதாகத் தொலைபேசியில் சொன்னால் நாம் சிரிக்கிறோம். ஆனால் அதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. அங்கே சறுக்குக் கழகத்தில் சேரப் போகிறவரிடம் முதலில் கேட்பது, "உங்களுக்கு எவ்வளவு தெரியும்?" என்பதுதான். மலைச் சரிவுகளுக்கும் நிறம் வைத்திருக்கிறார்கள். நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். தன் அளவைக் கூட்டிச் சொல்பவர் காலை முறித்துக்கொள்வார். குறைத்துச் சொல்பவர் காலமெல்லாம் நீலத்திலேயே நிற்பார்.

நமக்குப் பனிமலை இல்லை. வாவியும் கடலும் இருக்கின்றன. மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்குச் சற்று அப்பால், பொத்துவிலை அடுத்த அறுகம்பையில் 2018 ஆம் ஆண்டு பெண்களுக்கென்று ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது. இலங்கையில் பெண்களுக்கு மட்டுமான முதலாவது அலைச்சறுக்குக் கழகம் அதுவே. தொடங்கியவர்களில் ஒருவர் அவ்வூர்ப் பெண்ணான சமலி சஞ்சய. உலகமெல்லாம் வந்து சறுக்கும் அந்தக் கடலில், ஊர்ப் பெண்கள் நெடுங்காலம் கரையில் நின்று பார்ப்பவர்களாகவே இருந்தார்கள். பெண்ணுக்கு இடம் வீடு என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இவர்கள் இறங்கினார்கள். அலைச்சறுக்கிலும் புதியவர் எடுத்த எடுப்பில் பெரிய அலைக்குப் போவதில்லை. இடுப்பளவு தண்ணீரில், உடைந்து நுரையாக வரும் சிறிய அலையில், பலகைமேல் குப்புறப் படுத்துப் போவதே முதற்படி. எழுந்து நிற்பது பிறகு.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளே பழகியிருந்ததை ஒரு காரணமாக, ஒக்ஸ்பாம் நிறுவனத்தின் 2005 மார்ச் அறிக்கை சொன்னது. யுத்த காலத்தில் இரவோடிரவாகத் தோணியில் வாவியைக் கடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை படுவான்கரைக்குப் பாதையில் ஏறித்தான் போனோம். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பரில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்ததை மறக்க முடியாது.

மகளிர் குழுக் கூட்டங்களில் நீச்சலைப் பற்றிக் கேட்டால் எனக்கு இரண்டு வகை மறுமொழி வரும். "சின்னதில ஆத்துலதான் கிடந்த நான் மகள், எல்லாம் தெரியும்" என்பார் ஓர் அம்மா. விசாரித்தால், கழுத்துக்கு மேல் தண்ணீரை அவர் கண்டதேயில்லை. இன்னொருவர், "எனக்கு ஒண்டும் தெரியா மிஸ்" என்று தலை குனிவார். கதைக்கக் கதைக்கத் தெரியவரும், தாயுடன் பத்து வருடம் நெஞ்சளவு தண்ணீரில் இறால் பிடித்தவர், மல்லாந்து மிதக்கவும் தெரிந்தவர். அதை ஒரு திறமையாக அவர் எண்ணவேயில்லை. ஏன்? இத்தனை வருடமும் நாம் நிரப்பிய படிவங்கள் எல்லாம் எதை இழந்தீர்கள் என்றுதான் கேட்டன. கணவரா, பிள்ளையா, வீடா, தோணியா? என்ன தெரியும் என்று கேட்ட படிவம் மிகக் குறைவு.

ஆகவே நம்மை நாமே அளக்கப் பழகுவோம். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் நீர்த்திறனுக்கு ஐந்து செயல்களைச் சொல்கிறது.

1. தலைக்கு மேலான ஆழத்தில் இறங்குதல் அல்லது குதித்தல்.
2. மேலே வந்து ஒரு நிமிடம் மிதத்தல்.
3. முழுவட்டமாகத் திரும்பி வெளியேறும் வழியைப் பார்த்தல்.
4. ஏறத்தாழ 23 மீற்றர் நீந்துதல்.
5. ஏணியில்லாமல் வெளியே ஏறுதல்.

ஐந்தும் முடிந்தால் அடிப்படை தெரியும் என்று சொல்லலாம். அதுவும் அமைதியான தண்ணீருக்குத்தான். அலைக் கடலுக்கு இன்னும் பயிற்சி வேண்டும். ஒன்றும் முடியாவிட்டாலும் வெட்கமில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சை விட முடியுமா என்பதிலிருந்து தொடங்கலாம். ஆனால் தனியாக வாவியில் இறங்கிப் பரீட்சித்துப் பார்க்காதீர்கள். சேறும் சல்லும் உண்டு, சில இடங்களில் முதலையும் உண்டு, முகத்துவாரத்தில் இழுவை கடுமை. பயிற்றுநர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒரு கழகத்தில் சேருமுன் நீங்களும் கேள்வி கேளுங்கள். சொல்லித் தருபவர் பெண்ணா? உயிர்காப்பாளர் இருக்கிறாரா? நீளக்கை மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டு இறங்கலாமா? சேலையும் தொளதொளத்த உடுப்பும் தண்ணீரைக் குடித்துக் கீழே இழுக்கும் என்பதால் இது முக்கியம். எந்த மாதங்களில் பயிற்சி? நமது கரையில் மாரிக்காலக் கடல் புதியவருக்கு ஏற்றதல்ல. அறுகம்பையிலும் சித்திரை தொடக்கம் ஐப்பசி வரைதான் சறுக்குக் காலம்.

கடலில் உறவைப் பறிகொடுத்தவர் அதையும் பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயமும் நம் அளவில் ஒரு பகுதிதான். அதை மறைத்தால் பயிற்றுநர் உங்களைத் தவறான படியில் நிறுத்திவிடுவார். வெலிகமையில் சுனாமிக்குப் பின் கிறிஸ்டினா பொன்பே என்ற பிரித்தானியப் பெண் பெண்களுக்கு நீச்சல் கற்பித்தார். கற்றவர்களில் சிலர் பிறகு மற்றப் பெண்களுக்குக் கற்பித்தார்கள். நமது ஊர்களிலும் அது முடியும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு தாளில் மேலே சொன்ன ஐந்தையும் எழுதி, தெரிந்ததற்கு நேரே அடையாளம் இடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பயிற்றுநரைக் கேட்டுப் பெற உங்கள் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதலாம். மகள்மாரையும் கூட்டிவாருங்கள்.