பங்காளியா, தொழிலாளியா?

வீடு வீடாகப் பார்சல் கொண்டுசேர்க்கும் உழைப்பாளியைக் கம்பெனி தொழிலாளி என்று சொல்வதில்லை. ‘டெலிவரி பார்ட்னர்’, அதாவது பங்காளி என்கிறது. லாபத்தில் இந்தப் பங்காளிக்குப் பங்கு உண்டா? கிடையாது. வண்டி அவனுடையது, பெட்ரோல் செலவு அவனுடையது, விபத்தில் ஒடியும் காலும் அவனுடையது. பார்சலுக்கு இவ்வளவு கூலி என்று நிர்ணயிப்பது மட்டும் கம்பெனி!

2025 நவம்பர் 21ந் தேதி அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களுக்காக ஒரு நிதி என்கிறது. கம்பெனிகள் வருட வியாபாரத்தில் 1 முதல் 2 சதவிகிதம் செலுத்த வேண்டுமாம். ஆனால் அதே சட்டம், இவர்கள் வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்றும் சொல்கிறது. சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது. முதலாளியே இல்லையென்றால் குறைந்தபட்சக் கூலியை யாரிடம் கேட்பது? சங்கம் யாருடன் பேசுவது?

பதிலி, காண்டிராக்ட் என்று பெயர் சூட்டி உரிமையைப் பறிக்கும் வித்தை நமது மில் தொழிலாளருக்குப் புதிதல்ல. ‘நம்ம வீட்டு ஆள்’ என்று தட்டிக்கொடுத்தே கூலியைக் குறைத்த மிராசுதாரை விவசாயத் தொழிலாளரும் அறிவர்.

ஸ்பெயினில் 2021ல் இவர்களைத் தொழிலாளர் என்றே சட்டம் ஏற்றது. இங்கும் ஏற்க வேண்டும். சங்கத்துடன் கம்பெனி பேசியே ஆகவேண்டும் எனக் கோருகிறோம். அவர்கள் சங்கம் அமைக்கும்போது ஆலையும் வயலும் அவர்கள் பக்கம் நிற்கட்டும்!