கிணறு உவர்த்தபின் விழிப்பதா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழையை ஏந்தி வைத்திருக்கும் சுண்ணக்கல்லே எமக்கு ஆறும் அணையும். அக்கல்லினுள் கனத்த கடல்நீர் அடியிலே கிடக்க, நன்னீர் அதன்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலோர் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் அடியிலே உவர் 40 அடி ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கும் கமக்காரருக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அரசாங்கம் இதனை அறிந்து நடக்கின்றதா என்பதே எமது கேள்வி.

கடல்மட்டம் உயர்ந்து வருகின்றது. மழையோ பருவந் தப்பி ஒரேயடியாகக் கொட்டுகின்றது. 2008இல் நிஷா, 2020இல் புரெவி, 2025இல் டித்வா எனப் புயல்கள் வந்து போயின. வெள்ளம் வந்தால் நிவாரணம், வடிந்தால் மறதி என்பதே ஆட்சியாளரின் வழக்கமாகிவிட்டது.

1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, குறித்த பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. அதனை வரவேற்கிறோம். ஆயினும், திட்டத்தினால் சூழலுக்கு என்ன கேடு என்பதே அம்மதிப்பீட்டின் கேள்வி. மாறிவரும் மழையும் கடலும் அத்திட்டத்தை என்ன செய்யும் என்னும் மறு கேள்வியை ஒவ்வொரு திணைக்களமும் கேட்டேயாக வேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை. 2012இல் காலநிலை மாற்றக் கொள்கை வந்தது. 2016இல் பாரிஸ் உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதிசெய்தது. கொள்கை அதிகாரிக்கு அறிவுரை. சட்டமே அவரைக் கட்டும் கயிறு. பிலிப்பைன்ஸ் நாடு 2009இலேயே இதற்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது.

சட்டம் வந்தால் அபிவிருத்தி தாமதமாகும் என்பார் உளர். 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சிக்குக் கொண்டுவரத் திட்டம் வகுத்தார். தொடங்கிய வேலைகள் முற்றுப்பெறவில்லை. அதனைத் தடுத்தது எந்தச் சுற்றாடல் சட்டம்? இன்றோ மழைநீரைக் கடலுக்குத் தாரைவார்த்துவிட்டு, தாழையடியிலே கடல்நீரைப் பெருஞ்செலவில் குடிநீராக்குகின்றோம். முன்யோசனை இன்மையின் விலை இதுவே.

ஆகவே நாம் கேட்பது மூன்று. வீதி, மதகு, உவர்த்தடுப்பணை, குடியேற்றம் எதுவாயினும், அரச பணம் ஒரு ரூபாயேனும் செலவாகுமுன் வருங்கால மழையையும் கடலையும் கணித்து எழுத்திலே பதில் தரவேண்டும். அப்பதில் தமிழிலே, அவ்வூர் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். தவறிய திணைக்களத்தை நீதிமன்றில் நிறுத்தும் உரிமை மக்களுக்கு வேண்டும்.

இன்னுமொன்று. எமது கிணற்றின் ஆழத்தைக் கொழும்பிலிருந்து அளக்க முடியாது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. மண்ணை அறிந்தவர் கையில் அதிகாரம் இல்லாவிடின், நல்ல சட்டமும் ஏட்டுச் சுரைக்காயே.

வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை. உவர்த்துப்போன கிணற்றை எந்த வர்த்தமானி அறிவித்தலாலும் நன்னீராக்க முடியாது.