பிடித்த மீன்

முதலில் என் குற்றப்பத்திரிகையை நானே வாசித்துவிடுகிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேலாக வீட்டில் கடல்மீன் வளர்ப்பவன் நான். கப்பி, தங்கமீன் சமாசாரம் இல்லை. அசல் உப்புத்தண்ணீர்த் தொட்டி. ஆரம்ப காலத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஸ்கூட்டரில் நீலாங்கரைக்குப் போய், கேன் கேனாகக் கடல் தண்ணீர் பிடித்து வருவேன். 'மனுஷனுக்குக் கழன்றுவிட்டது' என்று தெருவே நினைத்தது. வீட்டம்மா வாய்விட்டே சொன்னாள்.

2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' வந்தது. கடலில் ஒரு கோமாளி மீன் குஞ்சைப் பிடித்துக்கொண்டுபோய், சிட்னியில் ஒரு பல் டாக்டர் தன் தொட்டியில் விடுகிறார். அப்பா மீன் கடல் முழுக்கத் தேடி அலைகிறது. கதை இவ்வளவுதான். படம் பார்த்து அழுத கண்ணோடு என் மகள் சொன்னாள்: "அப்பா, எனக்கு ஒரு நீமோ வேணும்." மறுநாளே வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கதையில் நான் அப்பா மீன் இல்லை, பல் டாக்டர் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் அது செத்துப்போனது. உப்பு கூடிப்போச்சோ, சூடு ஏறிப்போச்சோ என்று என்னையே திட்டிக்கொண்டு இன்னொன்று வாங்கினேன். எதனால் செத்தது என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் மீன் எப்படியெல்லாம் பிடிபட்டுக் கடைக்கு வருகிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பிலிப்பைன்ஸில் 1960-களில் ஆரம்பித்த வழக்கம் இது. சோடியம் சயனைடு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் புட்டியில் அடைத்துக்கொண்டு முங்குவார்கள். பவளப்பாறை இடுக்கில் பீய்ச்சுவார்கள். மீன் மயங்கி மிதக்கும், கையால் அள்ளிக்கொள்ளலாம். சட்டம் தடுத்தும் அங்கேயும் இந்தோனேசியாவிலும் லேசில் ஒழியவில்லை. விஷம் பட்ட பவளம் வெளுத்துச் சாகும். பிழைத்த மீன் கடையில் பளபளவென்று நீந்தும். வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக்கூட சாகும். நீங்கள் உங்களையே நொந்துகொண்டு அடுத்த மீன் வாங்குவீர்கள். இதைவிட சௌகரியமான வியாபாரம் உலகத்தில் உண்டா, சொல்லுங்கள்!

'நம்ம கொளத்தூர்ல விக்கலையா?' என்று கேட்கலாம். அங்கேதான் வித்தியாசமே. கொளத்தூரில் விற்கும் நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை தொட்டியில் பிறந்து, தொட்டியில் வளர்ந்தவை. அதை நம்பிக் குடும்பங்கள் பிழைக்கின்றன. கடல் மீன் கதை நேர் எதிர். விற்பனைக்கு வரும் வகைகளில் பத்துக்கு ஒன்பது கடலில் பிடித்தவை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2003-ல் வெளியிட்ட கணக்குப்படி, உலகம் முழுக்க வருஷத்துக்கு 2 கோடிக்கு மேல் கடல் மீன்கள் இப்படி வியாபாரமாகின்றன.

உடனே ஒரு வாதம் வரும். "கடலே சூடாகிப் பவளமெல்லாம் வெளுத்துச் சாகுது. நான் ரெண்டு மீன் வாங்கறதுல என்ன ஆகப்போகுது சார்?"

உண்மைதான். 2024-ல் உலகளாவிய நான்காவது பவள வெளுப்பை விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். நம் மன்னார் வளைகுடாவும் வெளுப்புக்குத் தப்பியதில்லை. அதற்காக? எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பதைத்தானே இவர்கள் நாகரிகமாகச் சொல்கிறார்கள்?

அந்தப் பிடுங்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைப் பாருங்கள். அங்கே மட்டுமே இயற்கையாக உள்ள ஒரு கார்டினல் மீன், கறுப்பு வெள்ளைக் கோடு போட்டு அத்தனை அழகு. முட்டைகளை அப்பா மீன் வாயிலேயே அடைகாக்கும். அதுவரை சாப்பாடு கிடையாது. குஞ்சுகள் மற்ற மீன் குஞ்சுகள் மாதிரி நீரோட்டத்தில் தூரம் போவதில்லை. ஓர் இடத்தில் துடைத்து எடுத்துவிட்டால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்ப ஆள் இல்லை. 1990-களில் தொட்டிக்காரர்கள் கண் பட்டது. 2007-ல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தாயிற்று. வயிற்றெரிச்சல் என்னவென்றால், தொட்டியில் வளர்த்துப் பெருக்க அது சுலபமான மீன்!

"மீனவன் பிழைப்பு?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பதில் மண்டபத்திலும் விழிஞ்சத்திலும் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைக் கரையிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டிவிட்டது. அந்த வேலை கடலோரக் கிராமங்களுக்கே வரவேண்டும். வரவைக்க வேண்டியது வாங்குகிற நாம்தான். காட்டு மீன் மலிவாகக் கிடைக்கும்வரை பண்ணை மீனை யார் சீண்டுவான்?

எனக்குப் புத்தி வந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில். மூன்று நாள் கரன்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில், சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றி, தண்ணீரில் காற்றுக் கலக்கப் பார்த்தேன். பத்து வருஷம் கூடவே இருந்த மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து மூடி, அடங்கின. எல்லாம் கடலில் பிடித்தவை. ஊரே தவித்த நேரத்தில் மீனுக்கு அழுவது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவற்றைக் கடலிலிருந்து இங்கே கொண்டுவந்தது மழை இல்லை, என் பர்ஸ்.

அதற்குப் பிறகு என் தொட்டியில் காட்டு மீன் கிடையாது. பண்ணையில் பிறந்த கோமாளி ஜோடி ஒன்று இருக்கிறது. கவிழ்த்துவைத்த மண்சட்டியில் முட்டையிடும். ஆண் மீன் ஒரு வாரம் விசிறிக்கொண்டே காவல் நிற்கும். 20 வருஷத்துக்கு மேலும் வாழக்கூடிய மீன். எனக்கப்புறம் யார் பார்த்துக்கொள்வது என்று மகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குத் தயாரில்லை என்றால், ஹாலுக்கு அழகாக ஒரு காலண்டர் மாட்டுங்கள்.

தயார் என்றால் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இது கடல்ல பிடிச்சதா, பண்ணையில பிறந்ததா?" மழுப்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அவரே நாலு பேர் இப்படிக் கேட்டுவிட்டுப் போனால் பண்ணை மீனைத் தேடுவார்.

நமக்கு 'பிடித்த மீன்' என்றால் ரெண்டு அர்த்தம். நிஜமாகவே பிடித்திருந்தால், பிடிக்காதீர்கள்.