டெக் கேள்வி நேரம்: கீயை அழுத்தினால் சத்தம் லேட்டாக வருகிறதா?

பரமத்தி வேலூரிலிருந்து ஒரு வாசகி மெயில் அனுப்பியிருக்கிறார். மகன் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறார். பழைய கீபோர்டு பழுதாகிவிட்டதால், லேப்டாப்பில் சாஃப்ட்வேர் சிந்தசைஸர் போட்டு, சின்ன மிடி கீபோர்டை இணைத்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். கீயை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறதாம். தபேலாவோடு தாளம் சேரவில்லையாம். ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறாராம். ஆடிப்பெருக்குக் கச்சேரிகளுக்குள் வாங்க வேண்டும், பணம் பத்தாவிட்டால் தோட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, தோடு இப்போதைக்குக் காதிலேயே இருக்கட்டும். காசு செலவில்லாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

தாமதம் எங்கிருந்து வருகிறது?

மிடி கீபோர்டிலிருந்து சத்தம் வராது. ‘இந்தக் கீயை, இவ்வளவு வேகத்தில் அழுத்தினார்கள்’ என்ற தகவல் மட்டும்தான் லேப்டாப்புக்குப் போகும். 1983-ல் வந்த மிடி முறை இன்றும் அப்படித்தான் இயங்குகிறது. சத்தத்தை உருவாக்குவது லேப்டாப். அதைத் துளித் துளியாக அனுப்பாமல், ஒரு வாளி நிரம்பியதும் மொத்தமாக ஊற்றுகிறது. அந்த வாளிக்குப் பெயர் பஃபர். வாளி பெரிதென்றால் நிரம்ப நேரமாகும், அதுதான் ‘லேட்டன்சி’.

கணக்கு எளிது. 48,000 சாம்பிள் ரேட்டில் பஃபர் 1024 என்றால் சுமார் 21 மில்லி செகண்ட். 256 என்றால் 5 சொச்சம். 128 என்றால் 3-க்கும் குறைவு. இதற்கு மேல் டிரைவரும் கருவியும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். மொத்தம் 10 மில்லி செகண்டுக்குள் நின்றால் பெரும்பாலானவர்களுக்கு உறுத்தாது. காற்றில் சத்தம் சுமார் மூன்றரை மீட்டர் கடக்க ஆகும் நேரம் அது. மேடையில் அந்த இடைவெளியில் நின்று வாசிப்பது வழக்கம்தானே!

முதலில் இதைச் செய்து பாருங்கள்

விண்டோஸ் லேப்டாப்பின் சாதாரண ஆடியோ வழி, பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் போதும். வாசிப்பதற்கு அது மெதுவானது. அதைத் தவிர்க்கத்தான் ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997-ல் ‘ஏசியோ’ என்ற டிரைவர் முறையைக் கொண்டு வந்தது. ‘ஏசியோ ஃபார் ஆல்’ என்ற இலவச டிரைவரைப் போட்டு, பஃபரை 256-க்குக் குறைத்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பிள் மேக்புக் என்றால் இதுவும் தேவையில்லை. பஃபரைக் குறைத்தாலே போதும்.

புளூடூத் ஸ்பீக்கரில் வாசித்துப் பார்க்கிறாரா என்றும் கேளுங்கள். அதில் வரும் தாமதத்தை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. ஒயர் ஹெட்போன்தான் வேண்டும்.

பஃபரைக் குறைத்ததும் ‘டப் டப்’ என்று சத்தம் உடைந்தால், லேப்டாப் திணறுகிறது என்று அர்த்தம். சார்ஜரை இணைத்து, பவர் செட்டிங்கை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கி, வைஃபையை அணைத்துப் பாருங்கள். கனமான சிந்த் என்றால் எளிமையான ஒன்றுக்கு மாறலாம். ‘சர்ஜ் எக்ஸ்டி’ போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. அப்போதும் உடைந்தால் பிரச்னை லேப்டாப்பில் இருக்கலாம். அப்படியென்றால் இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் முழுத் தீர்வு கிடைக்காது.

வாங்குவதென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

கடையில் முதலில் மைக் இன்புட், ரெக்கார்டிங் தரம் பற்றித்தான் பேசுவார்கள். உங்கள் மகன் பாடிப் பதிவு செய்யப்போவதில்லை. அவருக்குச் சத்தம் வெளியே போகும் வழி மட்டும் வேகமாக இருந்தால் போதும். எட்டு இன்புட் உள்ள கருவிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். இரண்டு அவுட்புட் உள்ள சின்னக் கருவி போதும்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

* இந்த நிறுவனமே எழுதிய ஏசியோ டிரைவர் இருக்கிறதா? ‘ஏசியோ ஃபார் ஆல் போட்டுக்கோங்க’ என்றால், வேகத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.
* பேலன்ஸ்டு அவுட்புட் இருக்கிறதா? மேடையிலிருந்து மிக்ஸர் வரை நீளமான ஒயர் போகும்போது இரைச்சல் ஏறாமலிருக்க இது உதவும்.
* யூஎஸ்பி மின்சாரத்திலேயே இயங்குமா? தனி அடாப்டர் இல்லாவிட்டால், மறந்துவிட்டு வர ஒரு பொருள் குறைவு.

சின்னக் கருவிகளில் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட், ஸ்டெய்ன்பெர்க் யூஆர் வரிசை, மோட்டு எம்2 ஆகியவற்றுக்குச் சொந்த டிரைவர் உண்டு. ஆர்எம்இ நிறுவனத்தின் டிரைவர்களுக்கு நல்ல பெயர், ஆனால் விலை அதிகம். ஆரம்பத்துக்கு அது தேவையில்லை. முடிந்தால் லேப்டாப்பையே கடைக்கு எடுத்துப் போய், 128 பஃபரில் பத்து நிமிடம் வாசித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மேடையில் கவனம்

கோயில் விழாக்களில் ஜெனரேட்டர் மின்சாரத்தில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால், சிலர் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவார்கள். எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து. இரைச்சலுக்கு ‘டிஐ பாக்ஸ்’ என்ற சின்னப் பெட்டி போதும். மைக் செட்காரரிடம் கேட்டாலே இருக்கும். லேப்டாப்பைத் துணி விரித்த மேஜையில் வைத்தால் அடியில் காற்று போகாது. சூடானால் வேகம் குறைந்து சத்தம் உடையும், கட்டை வைத்து உயர்த்துங்கள். யூஎஸ்பி ஒயர் ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும்.

அடகு பற்றி ஒரு வார்த்தை. இலவசச் சோதனையில் தாமதம் குறைந்துவிட்டால், இந்த ஆடிக்கு அதையே வைத்து வாசிக்கட்டும். கச்சேரிச் சம்பளம் சேர்ந்த பிறகு இன்டர்ஃபேஸை அவர் காசிலேயே வாங்கிக்கொள்ளலாம். குறையாவிட்டால், மேலே சொன்ன மூன்று கேள்விகளோடு கடைக்குப் போகலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேள்வி இருந்தால் எழுதுங்கள். லேப்டாப் மாடலையும் வாங்கிய வருடத்தையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.