இரண்டு வாள்கள் போதுமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றிருந்தபோது பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் நம்மிடம் வந்தார். "சாமி, நம் மக்களில் வசதியுள்ளவர்கள் ஆளுக்கொரு துப்பாக்கி உரிமம் வாங்கிக்கொண்டால் என்ன? வீட்டுக்கு ஒன்று இருந்தால் எவன் கிட்டே வருவான்?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை. காரணம், அதற்கு முந்திய வாரம்தான் நாம் கைத்துப்பாக்கிப் பயிற்சி ஒன்றை முடித்துத் திரும்பியிருந்தோம்.

அருள்பணியாளர் துப்பாக்கி பிடிப்பதா என்று வாசகர் திகைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு வழக்குக்கு வருவோம்.

நம் தமக்கையின் மகன் ஸ்ரீவைகுண்டத்திற்கு அருகே ஆற்றுப் படுகையில் வாழை பயிரிடுகிறவன். இரவில் ஆற்றில் மணல் அள்ளுவோர் அவன் தோட்டத்துக் கரையையே வழியாக்கிக்கொண்டார்கள். கரை சரிந்தது, கிணற்றில் நீர்மட்டம் இறங்கியது. அவன் எழுத்து மூலம் புகார் கொடுத்தான். மூன்றாம் நாள் இரவு அவன் வீட்டுத் திண்ணையில், அறுத்தெடுத்த வாழைப்பூ ஒன்று கிடந்தது. அது யாருக்கும் புரியக்கூடிய செய்திதான். அவன் மனைவி அன்றிலிருந்து உறங்கவில்லை.

இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல நம் நாவு எழவில்லை. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று, நம் ஸ்ரீவைகுண்டம் வட்டத்தைச் சேர்ந்த முறப்பநாடு கோவில்பத்தில், கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்திலேயே, பட்டப்பகலில், வெட்டிக் கொல்லப்பட்டார். மணல் கடத்தலைப் பற்றி அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார். அதுவே அவர் செய்த குற்றம். அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடி நீதிமன்றம் இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நீதி விரைந்து வந்தது உண்மை; ஆயினும் அது அவருடைய அடக்கத்திற்குப் பின்னரே வந்தது. அரசு ஊழியருக்கே அந்த நிலை என்றால் வாழைக்காரன் எம்மாத்திரம்?

எனவே மருமகன் கைத்துப்பாக்கி உரிமத்திற்கு விண்ணப்பிக்க முடிவு செய்தான். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 2016ஆம் ஆண்டு விதிகளோ, விண்ணப்பிக்கிறவர் படைக்கலங்களைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்குச் சான்று கேட்கின்றன. "சாமி மாமா, நீங்களும் கூட வாங்க. நீங்க வந்தா அவ மனசு ஆறும்" என்றான். தடுக்க எண்ணித்தான் உடன் சென்றோம். சென்ற இடத்தில், பார்க்காமல் பேசுவது முறையன்று எனத் தோன்றியதால், நாமும் பயிற்சியில் அமர்ந்தோம்.

பயிற்றுநர் ஓய்வுபெற்ற இராணுவத்தார். முதல் நாள் முழுவதும் அவர் சுடக் கற்பிக்கவில்லை, சுடாமலிருக்கக் கற்பித்தார். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும். அதன் வாய் மனிதர் இருக்கும் திசையை நோக்கலாகாது. சுட முடிவு செய்யும் வரை விரல் விசையைத் தொடலாகாது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறியாமல் சுடலாகாது. இவற்றை அவர் சொன்ன விதம் மறைக்கல்வி ஆசிரியர் பத்துக் கட்டளைகளைச் சொல்லித்தருவது போலிருந்தது. மறுநாள் காதடைப்பான் அணிந்து சுட்டோம். நாம் சுட்ட ஐந்தில் இரண்டே தாளைத் தொட்டன. மருமகன் சுட்டவை ஐந்தும் கருவட்டத்திற்குள் விழுந்தன. அவன் திரும்பி நம்மைப் பார்த்துச் சிரித்தான். பல வாரங்களுக்குப் பின் அவன் முகத்தில் கண்ட முதல் சிரிப்பு அது. அதைக் கண்டு மகிழ்வதா, அஞ்சுவதா என்று நமக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. காகித வட்டத்திற்குக் கால்கள் இல்லை. அது வரப்பின் மறைவிலிருந்து ஓடி வருவதில்லை. நம் பகுதியில் கொல்ல வருகிறவன் தொலைவில் நின்று அறைகூவி வருவதில்லை; வணக்கம் சொல்லிக்கொண்டு வருகிறான், பெரும்பாலும் தெரிந்தவனாக வருகிறான். பயிற்றுநரிடமே இதைக் கேட்டோம். அவர் ஒளிக்கவில்லை. "வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும், தோட்டாவைத் தனியாக வைக்க வேண்டும். பூட்டி வைத்தால் அவசரத்துக்கு உதவாது. பூட்டாமல் வைத்தால் பிள்ளைகள் எடுக்கும். இரண்டையும் சொல்லிவிடுவது என் கடமை, ஃபாதர்" என்றார்.

வீட்டுக்கொரு துப்பாக்கி என்று பேசுகிறவர்கள் இதற்கு விடை சொல்லட்டும். வீடுதோறும் துப்பாக்கி என்பதைப் பெருமையாகக் கொண்ட நாடு அமெரிக்கா. அங்கே துப்பாக்கியால் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கி வைத்தது, மனம் உடைந்த மகனின் கைக்கு எட்டுகிறது. கடன் சுமையிலும் குடிவெறியிலும் குடும்பங்கள் நொறுங்கும் நம் ஊர்களில் அத்தகைய கருவியை அலமாரியில் வைத்துவிட்டு யார் நிம்மதியாக உறங்க முடியும்?

சட்டம் துணை நிற்கும் என்பாரும் உண்டு. தற்காப்புரிமை சட்டத்தில் உண்டு என்பது மெய்யே. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதைக் கூறுகின்றன. ஆனால் 37ஆம் பிரிவு அதற்கு எல்லையும் வகுக்கிறது: அரசின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் அவ்வுரிமை இல்லை, தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யவும் அனுமதி இல்லை. நம் கையிலிருக்கும் உரிமச் சீட்டு இவ்வெல்லையை ஒரு விரற்கடையும் அகலமாக்குவதில்லை.

இனி இதில் ஏழைக்கு என்ன பங்கு? தில்லியில் 2012இல் நிகழ்ந்த அக்கொடுமைக்குப் பின், 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற கைத்துப்பாக்கியை வெளியிட்டது. அச்சமற்றது என்று அதற்குப் பொருள். எடை அரைக் கிலோ. விலை ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். களையெடுத்து மாலையில் ஒற்றையடிப் பாதையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு இந்த அச்சமின்மை எந்தக் கடையில் கிடைக்கும்? துப்பாக்கி தரும் பாதுகாப்பு காசுள்ளவன் பாதுகாப்பு. நம் தாமிரபரணிக் கரையிலோ காசோடு சாதியும் சேர்ந்துகொள்ளும். ஒரு தெருவில் துப்பாக்கி வந்தால் அடுத்த தெரு அதைத் தனக்கு எதிராக வந்ததென்றே எண்ணும். நாம் காவலுக்கு வாங்கினோம் என்போம். அவர்கள் அரிவாளைத் தீட்டுவார்கள், காவலுக்கென்றே.

இனி மறைநூலுக்கு வருவோம். நம் பேரவை உறுப்பினர் விவிலியம் அறிந்தவர். மேலுடையை விற்றாவது வாள் வாங்கச் சொன்னவர் நம் ஆண்டவர்தாமே என்று லூக்கா 22ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டினார். திருச்சபை தற்காப்பை மறுக்கிறதா என்றும் கேட்டார். நேர்மையாகவே விடை சொல்வோம். மறுக்கவில்லை. தன் உயிரைக் காக்கும் நோக்கத்தோடு அளவாகச் செய்யும் தற்காப்பு, எதிரியின் சாவில் முடிந்தாலும் கொலைப்பாவம் ஆகாது என்று தூய தோமா அக்வினா கற்பித்தார். பிறர் உயிருக்குப் பொறுப்பானவர்க்கு அது கடமையாகவும் கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2265ஆம் எண்ணில் உரைக்கிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமோ, குருக்கள் படைக்கலம் தாங்குவதைத் தடுத்தபோதும், அஞ்சுவதற்குத் தகுந்த காரணமிருந்தால் விதிவிலக்கு அளித்தது. ஆகவே மருமகனைப் பாவி என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை.

ஆனால் அதே இரவில் அடுத்து நடந்ததையும் வாசிக்க வேண்டாமா? சீடர்கள் இரண்டு வாள்களைக் காட்டினார்கள். ஆண்டவர் அப்பேச்சை அத்துடன் நிறுத்திவிட்டார். இதற்குப் பொருள் கூறுவோர் பலவாறு கூறுவர். 1302இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் அவ்விரு வாள்களில் ஆன்மிக ஆட்சியையும் உலக ஆட்சியையுமே கண்டார். நாம் எளிய வாசகராகவே நின்று கதையைத் தொடர்வோம். ஒலிவ மலையில் ஆண்டவர் சீடரிடம் வாளை எடுக்கச் சொல்லவில்லை. தம்மோடு விழித்திருக்கச் சொன்னார். அவர்கள் உறங்கினார்கள். விழித்தெழுந்ததும் ஒருவர் வாளை உருவி ஓர் ஊழியனின் காதை வெட்டினார். ஆண்டவர் அந்தக் காதைத் தொட்டு நலமாக்கினார். இதைக் குறிப்பிடுபவர் வாள் பேச்சை எழுதிய அதே லூக்கா மட்டுமே. பின்னர் ஓடிப்போனார்கள். அன்றிரவு வாளுக்குப் பஞ்சமில்லை. உடன் நிற்கத்தான் ஆளில்லை.

நம் குற்றச்சாட்டு இதுதான். அது மருமகன் மீதன்று. நம் பங்கின் மீது, நம் மீதே. புகார் கொடுப்பதற்கு முன் அவன் அன்பியக் கூட்டத்தில் ஒரு மனுவை வைத்தான். படுகையில் நிலமுள்ளவர்கள், அவன் நேரில் பார்த்ததைத் தாங்களும் பார்த்தவர்கள், பத்துப் பேர் கையொப்பமிட வேண்டினான். செபமாலையைக் கையில் வைத்திருந்தவர்கள் பேனாவைக் கையில் வாங்கவில்லை. "பிள்ளைகுட்டிக்காரன்" என்றார் ஒருவர், அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான். கிடைத்தவை மூன்று கையொப்பங்கள். அவற்றில் இரண்டு கைம்பெண்களுடையவை. அன்று பங்குத் தந்தையாகிய நாம் என்ன செய்தோம்? கோயில் அரசியலில் தலையிடலாகாது என்று ஒதுங்கினோம். மனுவைப் பீடத்திலிருந்து வாசிக்கவும் இல்லை, நம் பெயரை எழுதவும் இல்லை. அவன் தனியே போனான். தனியே போனவனையே அவர்கள் குறிவைத்தார்கள். அந்த வாழைப்பூவை அறுத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் அவன் வீட்டுத் திண்ணைக்கு வழிகாட்டியது நம் மௌனம். துப்பாக்கி வேண்டும் என்ற எண்ணமும் அந்த மௌனத்திலேயே முளைத்தது. பத்துக் கையொப்பமிட அஞ்சிய நாம், பத்துத் துப்பாக்கி வாங்க மட்டும் துணிந்துவிட்டோம்!

நம் முன்னோர் வேறு வழி அறிந்திருந்தார்கள். 1544இல் வடுகர் படைக்கு அஞ்சிய முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் வாடியபோது, தூய சவேரியார் மணப்பாட்டிலிருந்து உணவு ஏற்றிய இருபது தோணிகளுடன் புறப்பட்டார். எதிர்க்காற்று அவரைத் திருப்பி அனுப்பியது. பின்னர் தரைவழியே நடந்து அவர்களிடம் சென்றார். காக்க வேண்டியவரிடம் நேரில் போய்ச் சேர்வதே அவர் அறிந்த காவல்.

அண்மைக் காலத்திற்கும் வருவோம். ஸ்ரீவைகுண்டத்தில் 1925இல் பிறந்த நல்லகண்ணு, தம் எண்பதுகளின் நடுவில், தாமிரபரணி மணற்கொள்ளைக்கு எதிராக உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடினார். 2010இல் நீதிமன்றம் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை விதித்தது. அவர் கையில் இருந்தவை தாள்கள். அவர் பொதுவுடைமைக்காரர் என்பதால் நம் மேடைகளில் அவர் பெயரைச் சொல்லத் தயங்கினோம். ஆற்றின் பொருட்டு அவர் நின்ற இடத்தில் நாமல்லவா நின்றிருக்க வேண்டும்?

2023 டிசம்பர் 17 இரவு வெள்ளம் சூழ்ந்து, திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ எண்ணூறு பயணிகள். தங்கள் வீடுகளிலும் நீர் புகுந்திருக்க, புதுக்குடி மக்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். யார், எந்த ஊர், எந்தச் சாதி என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளத்தின் போது சேர்ந்து நிற்கத் தெரிந்த மக்கள்தாம் நாம். மணல் வண்டியின் விளக்கைக் கண்டால் மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறோம்?

மருமகனுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. உரிமம் கோரும் விண்ணப்பத்தையும் நிரப்பி வைத்திருக்கிறான்; மாவட்ட ஆட்சியரிடம் இன்னும் கொடுக்கவில்லை. "மாமா, அந்த மனுவில் பத்துப் பேர் சேர்ந்தால் இதைக் கிழித்துவிடுகிறேன்" என்று சொல்லியிருக்கிறான். கிழிக்கச் சொல்லி அவனுக்கு அறிவுரை கூறும் தகுதி, முதல் முறை கையொப்பமிடாத நமக்கு இல்லை. எனவே அறிவுரை கூறாமல் நாலாவதாக நம் பெயரை எழுதினோம். சென்ற ஞாயிறு மறையுரையில் இதைச் சொன்னோம். மாலையில் ஐந்தாமவர் வந்தார். முற்றத்தில் துப்பாக்கி கேட்ட அதே பேரவை உறுப்பினர்.

இன்னும் ஐந்து பேர் வேண்டும். மனு நம் அறையில், மேசை மீது இருக்கிறது. கதவு திறந்தே இருக்கும்.