கையெழுத்துப் போடாதவரை யார் கேட்பது?

பணி ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷம் ஆகிறது. இன்றும் மார்ச் மாதம் வந்தால் எனக்குப் பழைய ஸ்டோர்ஸ் செக்‌ஷன் ஞாபகம்தான். ஃபைலில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ஆடிட் கேட்கும். "பேசவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். மார்ச் 31 அன்று செலவாகாத பணத்தை சரண்டர் செய்துவிட்டு, ஏப்ரலில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். நானும் அப்படிச் செய்தவன்தான்.

எங்கள் ஆபீசில் வாங்காமல் போனது நாற்காலியும் பீரோவும். ராணுவத்தில் போனது பீரங்கி.

1986-ல் 410 போஃபர்ஸ் பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டோம். லஞ்சப் புகார் வெடித்தது, விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பயத்தில், அடுத்து வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பீரங்கி வாங்கக் கையெழுத்துப் போட்டது எப்போது தெரியுமா? அமெரிக்காவின் எம்-777-க்கு, 2016-ல். முப்பது வருஷம்! நடுவில் 1999-ல் கார்கில் வந்தபோது நம் மானத்தைக் காப்பாற்றியது அதே போஃபர்ஸ்தான்.

இன்னொரு வயிற்றெரிச்சல். அந்த ஒப்பந்தத்தோடு வந்த தொழில்நுட்ப வரைபடங்கள் வருஷக்கணக்கில் தூங்கின. அவற்றைத் தூசி தட்டித்தான் பிற்பாடு ஜபல்பூரில் 'தனுஷ்' செய்தார்கள். முதல் ஆறு பீரங்கிகள் ராணுவத்திடம் போனது 2019-ல்.

"பணம் எங்கே சார்?" என்பார்கள். அதுவும் உண்மைதான். 2018-ல் ராணுவத் துணைத் தளபதி நாடாளுமன்ற நிலைக்குழுவிடம், தளவாடங்களில் 68 சதவீதம் பழசு என்றார். நவீனமயமாக்கலுக்குக் கிடைத்தது 21,338 கோடி ரூபாய். ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்குக் கட்ட வேண்டியதே 29,033 கோடி. பழைய கடனுக்கே பற்றாத சம்பளத்தில் புதுச் சாமான் எப்படி வாங்குவது?

அப்படியானால் ஒதுக்கிய பணமாவது மார்ச்சோடு காலாவதியாகக் கூடாது அல்லவா? 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை சுமார் 2.38 லட்சம் கோடியில், வருஷம் முடிந்தாலும் காலாவதியாகாத தனி நிதியம் அமைக்கச் சொன்னது. கொள்கையளவில் சரி என்றது அரசு. கொள்கையை வைத்துக்கொண்டு எல்லையில் சுட முடியாது.

லஞ்சம் வாங்கியவனைப் பிடியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே ஒவ்வொரு ஃபைலும் எந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்தது என்றும் கேளுங்கள். தப்பாக வாங்கினால் பணம் போகும். வாங்காமலே இருந்தால், மலைமேல் நிற்கிற பிள்ளையின் உயிர் போகும். அதற்கு எந்த ஆடிட்டும் கிடையாது.